பவளக் கிளைகளுக்குள் குட்டி நண்டு: வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக வந்த பவளத்தின் கிளைகளுக்கு நடுவில் ஒரு குட்டி நண்டு உட்கார்ந்திருக்கிறது. உடனே பிடித்து வெளியே போட்டுவிட வேண்டுமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். அது எந்தப் பவளத்தில் இருக்கிறது? உடம்பு வழவழப்பாக இருக்கிறதா, ரோமமாக இருக்கிறதா? போசிலோபோரா, ஸ்டைலோஃபோரா, அக்ரோபோரா மாதிரி கிளைவிடும் கல் பவளங்களின் நடுவிலேயே குடியிருக்கும் வழவழப்பான சின்ன நண்டு என்றால், பெரும்பாலும் அது அந்தப் பவளத்துக்குக் காவல் நிற்கும் நண்டு. அந்தப் பவளத்தோடு சேர்ந்தே பயணப்பட்டு உங்கள் தொட்டிக்கு வந்திருக்கும். பாறைப் பொந்தில் ஒளிந்திருந்து, விளக்கு அணைந்த பிறகு மட்டும் பவளத்துக்கு வந்துபோகிற நண்டு என்றால் விஷயம் வேறு.

நண்டு என்றாலே கெடுதல் என்ற பயத்தில் நல்ல நண்டுகள் நிறைய வீணாகச் சாகின்றன. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

நல்ல நண்டு எது, கெட்ட நண்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காவல் நண்டுகளில் முக்கியமாக இரண்டு இனங்கள். போசிலோபோராவிலும் அதன் சொந்தங்களிலும் இருப்பது ட்ரபீசியா. அக்ரோபோராவில் இருப்பது டெட்ராலியா. இரண்டுமே சின்னவை. ஓட்டின் அகலம் சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும், டெட்ராலியா அதைவிடவும் சிறிது.

ட்ரபீசியாவின் ஓடு மெருகு போட்டது போலப் பளபளக்கும். முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். கண்கள் முன்பக்கத்தின் இரண்டு மூலைகளிலும் இருக்கும். உடம்பின் அளவுக்குப் பொருந்தாத பெரிய கொடுக்குகளை முன்னால் மடித்து வைத்துக்கொண்டு, கிளைகளுக்கு இடையில் தட்டையாக நுழைந்து உட்காரும். நிறம் ஆரஞ்சு, பழுப்பு, வெளிர் மஞ்சள் என்று பல விதம். ட்ரபீசியா ரூஃபோபங்டாட்டா என்ற வகைக்கு வெளிர் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. டெட்ராலியாவின் ஓடு ஏறக்குறைய வட்டம், கால்கள் மெலிந்தவை, ஒரு கொடுக்கு மற்றதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்கும்.

கெட்ட பெயர் எடுத்தவை பெரும்பாலும் சாந்திட், பைலம்னிட் குடும்பங்களைச் சேர்ந்த ரோம நண்டுகள். தொட்டி வைத்திருப்பவர்கள் 'கொரில்லா நண்டு' என்று சொல்வது இவற்றைத்தான். தடித்த உடம்பு, கால் முழுக்க ரோமம், கனமான கொடுக்கு, பல வகைகளில் கொடுக்கின் நுனி கறுப்பு. இவை பவளத்தில் குடியிருப்பதில்லை, பாறையில் வந்து சேர்பவை. பவளத்தின் குட்டி உயிர்களான பாலிப்பைப் பிய்த்துத் தின்னும், நத்தையை உடைக்கும், பெரிதானால் தூங்கும் மீனையும் விடாது.

ஒரு எச்சரிக்கை. 'கொடுக்கு நுனி கறுப்பாக இருந்தால் கெட்டது' என்ற ஒற்றை விதியை நம்பி முடிவெடுக்காதீர்கள். காவல் நண்டுகளிலும் சிலவற்றுக்குக் கொடுக்கு விரல்கள் அடர் நிறத்தில் இருக்கும். அதேபோல ட்ரபீசியா சைமோடோசி என்ற வகைக்குக் கொடுக்கின் வெளிப்புறத்தில் மெல்லிய ரோமப் படலம் உண்டு, ஆனால் ஓடு வழவழப்புதான். குடியிருக்கும் இடம், ஓட்டின் பளபளப்பு, உடம்பு வாகு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தவறு நடக்காது. கண்ணால் சரியாகப் பிடிபடவில்லை என்றால் கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். தொட்டிக் கண்ணாடிக்கு நேராக, சாய்க்காமல் எடுத்தால் தெளிவாக வரும்.

நண்டு பவளத்தைக் கொத்திக் கொத்தித் தின்கிறதே, பார்த்தேனே!

அது தின்பது சதையை இல்லை. பவளம் எப்போதும் ஒரு வழவழப்பான சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். ட்ரபீசியா கால் நுனியில் இருக்கும் சீப்பு போன்ற முடிகளால் அந்தச் சளியையும் அதில் ஒட்டிய துகள்களையும் வாரி எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் கொத்துவது போலத்தான் தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. போசிலோபோரா டாமிகார்னிஸ் பவளத்தின் உணர்கொம்பு நுனிகளில் கொழுப்பு உருண்டைகள் உண்டாகும். அவையும் இந்த நண்டுக்குத் தீனி. நண்டு இருக்கும் பவளத்தில் இவை கூடுதலாக உண்டாகின்றன, நண்டை எடுத்துவிட்டால் குறைந்துவிடுகின்றன என்று 1990-ல் வெளியான ஆய்வு காட்டியது. பவளம் தன் காவலுக்குக் கூலியைத் தன் உடம்பிலேயே விளைவித்துக் கொடுக்கிறது. இவ்வளவு நெருக்கமான ஏற்பாட்டை ஒரு இடுக்கியால் பிடுங்கிப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

சரி, நண்டால் பவளத்துக்கு என்ன லாபம்?

நிறைய இருக்கிறது. பனாமாவின் பசிபிக் கரையில் பீட்டர் க்ளின் என்ற ஆய்வாளர் 1970-களில் கவனித்ததிலிருந்து தொடங்கலாம். பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீன் போசிலோபோராவின் மேல் ஏறும்போது, உள்ளே இருந்த ட்ரபீசியா வெளியே வந்து அதன் குழல் கால்களைக் கிள்ளியது, முட்களைப் பிடித்து ஆட்டியது. அதே பவளத்தில் குடியிருந்த ஆல்ஃபியஸ் லாட்டினி என்ற சொடுக்கு இறாலும் சேர்ந்துகொண்டது. விரலளவுகூட இல்லாத இந்த உயிர்கள், தங்களைவிடப் பல மடங்கு பெரிய எதிரியைத் திருப்பி அனுப்பின.

பிறகு பிரெஞ்சு பாலினீசியாவில் உள்ள மோரியா தீவில் செய்த ஒரு சோதனை 2006-ல் வெளிவந்தது. கிளைப் பவளங்களில் சிலவற்றிலிருந்து ட்ரபீசியா, டெட்ராலியா நண்டுகளை எடுத்துவிட்டு, சிலவற்றில் விட்டுவைத்துப் பார்த்தார்கள். நண்டு இல்லாதவற்றில் பெரும் பகுதி ஒரு மாதத்துக்குள் செத்துப்போனது. மிஞ்சியவையும் மெதுவாக வளர்ந்தன, வெளிறின. காரணம் வண்டல். மேலே படியும் மணலையும் தூசியையும் நண்டுகள் ஓயாமல் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. பவளம் தானாகத் தள்ள முடியாத கனமான துகள்களைக்கூட அவை அகற்றிவிடுகின்றன.

தொட்டி வைத்திருப்பவர்கள் காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய மூன்றாவது விஷயம் வெர்மெட்டிட் நத்தை. பாறையில் குழாய் போல ஒட்டிக்கொண்டு, சளி வலை வீசி இரை பிடிக்குமே, அதுதான். அந்த வலை பவளத்தின் மேல் படிந்தால் பவளத்தின் வளர்ச்சி குறையும். அதே மோரியாவில், காவல் நண்டு இருந்த பவளங்களில் இந்தக் கெடுதல் குறைவாக இருந்ததை 2010-ல் காட்டினார்கள்.

என் தொட்டியில் முள்முடி நட்சத்திரம் எதுவும் இல்லையே. அப்புறம் காவல் எதற்கு?

எதிரி இல்லைதான், ஆனால் தூசி இருக்கிறது. நீரோட்டம் குறைவான மூலையில் வளரும் அடர்த்தியான போசிலோபோராவின் நடுப்பகுதியைப் பாருங்கள். மீன் கழிவு, தீனி மிச்சம், மணல் எல்லாம் அங்கேதான் போய்த் தங்கும். அந்த இடத்துக்குத் தொட்டியின் நீரோட்டமும் போகாது, உங்கள் கையும் போகாது. நண்டு போகும். வெர்மெட்டிட் தொல்லை உள்ள தொட்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

நண்டு வந்த பிறகு என் பவளத்தின் அடிப்பகுதி வெள்ளையாகிவிட்டது. அதுதானே காரணம்?

இருக்கலாம், ஆனால் உடனே அதன் மேல் பழியைப் போட வேண்டாம். அடியிலிருந்து வெளுப்பதற்கு வெளிச்சக் குறைவு, கார அளவு திடீரென்று ஏறி இறங்குவது, நீரோட்டம் போதாமை எல்லாமே காரணமாகலாம். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். கார அளவு நேற்று 9 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), இன்று 7 என்றால் நண்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

நண்டே காரணமாவது பெரும்பாலும் ஒரு சூழ்நிலையில்தான்: பவளம் மிகச் சின்னது, நண்டு வளர்ந்தது. கட்டைவிரல் அளவுத் துண்டில் ஒரு முழு வளர்ச்சி பெற்ற ட்ரபீசியா இருந்தால், அது ஓயாமல் நடந்து நடந்து ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருக்கும். பாலிப்கள் விரியாமல் மூடியே கிடக்கும், நண்டு உட்காரும் இடத்தில் சதை தேயும். அப்படியானால் நண்டை அதே இனத்தின் பெரிய பவளம் ஒன்றுக்கு மாற்றுங்கள். என் கணக்கில், பவளம் ஒரு கைப்பிடி அளவாவது இருந்தால்தான் ஒரு நண்டைத் தாங்கும்.

ஒரு பவளத்தில் எத்தனை நண்டு இருக்கலாம்?

ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. கடலிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே பாலினத்தின் வளர்ந்த நண்டுகள் இரண்டு ஒரு பவளத்தில் ஒத்துப்போகாது. சண்டை வந்து ஒன்று துரத்தப்படும், துரத்தப்பட்டது அன்று ராத்திரியே ஏதாவது மீனுக்கு இரையாகலாம். கூடவே குட்டி நண்டுகள் ஒன்றிரண்டு ஒதுங்கி வாழ்வது உண்டு, அதற்காகக் கவலை வேண்டாம்.

பவளத்தை மருந்துக் கரைசலில் முக்கி எடுக்காமல் தொட்டியில் விடக் கூடாது என்கிறார்கள். முக்கினால் நண்டு செத்துவிடாதா?

இரண்டுமே உண்மை. முக்கி எடுப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவையும் அதன் முட்டையையும் தெரியாமல் கொண்டுவந்துவிட்டால் அக்ரோபோரா மொத்தமும் போய்விடும். செய்ய வேண்டியது, நண்டை முதலில் வெளியே எடுப்பது.

தொட்டித் தண்ணீர் ஊற்றிய வெள்ளை வாளி ஒன்றில் பவளத்தை வைத்துக்கொள்ளுங்கள். பவளத்தைத் தண்ணீருக்கு வெளியே தலைகீழாகப் பிடித்து, பீச்சுக்குழாயால் கிளைகளுக்கு நடுவே தொட்டித் தண்ணீரை மெதுவாகப் பீச்சுங்கள். பிளாஸ்டிக் இடுக்கியின் நுனியால் பின்னாலிருந்து லேசாக உந்தினால் நண்டு முன்பக்கமாக நகர்ந்து வெளியே விழும். காலைப் பிடித்து இழுக்காதீர்கள், கால் கழன்று வந்துவிடும். கழன்ற கால் அடுத்தடுத்த ஓடு மாற்றங்களில் வளர்ந்துவிடும், ஆனாலும் அதை ஏன் வருத்த வேண்டும். எவ்வளவு முயன்றும் வராமல் அடம்பிடித்தால், கரைசலில் முக்கியதும் அதுவே துள்ளி வெளியே வரும். அந்த நொடியில் எடுத்துச் சுத்தமான தொட்டித் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். பவளம் அலசி முடிந்த பிறகு நண்டை அதன் அருகில் விட்டால் போதும், வழி அதற்குத் தெரியும்.

அக்ரோபோராவில் சிவப்புப் பூச்சி. மருந்து போட்டால் நண்டுக்கு ஆகுமா?

ஆகாது. அதற்குப் பயன்படுத்தும் மில்பிமைசின் ஆக்ஸிம், நாய்களுக்கு இதயப்புழு வராமல் இருக்கக் கொடுக்கும் மருந்து. ஓடுள்ள கணுக்காலிகளை அது கொல்லும். பவளத்தில் ஒட்டி வாழும் மிகச் சின்ன சிவப்புப் பூச்சியும் நண்டும் இறாலும் எல்லாமே அந்தக் கூட்டத்தில்தான் சேரும். மருந்துக்கு முன்பே நண்டுகளை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். செம்பு கலந்த மீன் மருந்தும் அப்படித்தான். பவளத் தொட்டியில் அதை எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றக் கூடாது.

அக்ரோபோராவில் வட்டமாக, சொரசொரப்பாக ஒரு நண்டு. இதுவும் காவல் நண்டா?

சைமோ என்ற நண்டாக இருக்கும். ஓடு வட்டம், மேடும் பள்ளமுமாகக் குட்டை ரோமம். சைமோ மெலனோடாக்டிலஸ் என்ற வகைக்குக் கொடுக்கு விரல்கள் கறுப்பு. இது சளியோடு பவளத்தின் சதையையும் தின்னும். வெண்நோய் கண்ட அக்ரோபோராவில் இவை கூட்டமாகச் சேர்வதைப் பார்த்து, நோயைப் பரப்புவதே இவைதான் என்று சந்தேகப்பட்டார்கள். ஆனால் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நண்டுகள் இருந்தபோது நோயின் வெள்ளைக் கோடு பவளத்தில் பரவும் வேகம் குறைந்திருந்தது.

அப்படியென்றால் தொட்டியில் வைத்துக்கொள்ளலாமா? நான் வைக்கச் சொல்ல மாட்டேன். கடலின் பெரிய பவளத்திட்டு தாங்குகிற தேய்மானத்தை உங்கள் சின்னத் துண்டு தாங்காது. எடுத்து, பவளம் இல்லாத தனித்தொட்டியில் விடுங்கள்.

கிளை நுனியில் உருண்டையாக ஒரு முடிச்சு, அதில் சின்ன ஓட்டை. உள்ளே ஏதோ அசைகிறது.

அது முடிச்சு நண்டு, ஹேப்பலோகார்சினஸ் மார்சுபியாலிஸ். பெண் நண்டு குட்டியாக இருக்கும்போதே கிளை நுனியில் வந்து உட்கார்ந்துவிடும். பவளம் அதைச் சுற்றி வளர்ந்து வளர்ந்து ஒரு கூண்டாக மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பது அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் வெளியே வராது, இடுக்கு வழியாக வரும் தண்ணீரில்தான் பிழைப்பு. ஆண் நண்டு மிகமிகச் சின்னது, வந்து போகும். மூளைப் பவளங்களில் பிறை வடிவக் குழி தெரிந்தால் அதுவும் இதே குடும்பத்து வேறு வகை. பவளத்தின் உருவம் கொஞ்சம் மாறுவதைத் தவிர பெரிய கெடுதல் இல்லை. உடைக்காமல் விட்டுவிடுங்கள், ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு.

எந்த மீன்களோடு வைக்கக் கூடாது?

பருந்து மீன்கள்தான் முதலில். அவற்றில் சில கடலிலேயே போசிலோபோராவின் மேல்தான் உட்காரும், சின்ன நண்டும் இறாலும்தான் சாப்பாடு. ஆறுகோட்டு ராஸ் போன்ற ராஸ் மீன்கள், டிரிகர் மீன், பேத்தை மீன் எல்லாம் ஆபத்துதான். கிளைகளுக்குள் இருக்கும்வரை நண்டு ஓரளவு தப்பிக்கும். ஓடு மாற்றும் நாளில்தான் மாட்டிக்கொள்ளும். அக்ரோபோராவிலேயே வாழும் கோபியோடான் என்ற குட்டி மீன் மட்டும் நண்டோடு ஒரே பவளத்தில் குடித்தனம் நடத்தும்.

தனியாகத் தீனி போட வேண்டுமா?

ஆரோக்கியமான பவளத்தில் இருந்தால் வேண்டியதில்லை. மீனுக்குப் போடும் உறைந்த தீனியின் தூள் கிளைகளில் மாட்டினால் அதையும் எடுத்துக்கொள்ளும்.

காலையில் பார்த்தால் நண்டு செத்துக் கிடக்கிறது!

எடுத்துப் பாருங்கள். லேசாக, உள்ளே வெறுமையாக, பின்பக்கம் பிளந்து இருந்தால் அது கழற்றிப் போட்ட ஓடு. நண்டு பவளக் கிளைகளுக்குள் பத்திரமாக இருக்கும், புது ஓடு கெட்டிப்படும்வரை சில நாள் வெளியே தலை காட்டாது. அந்த நாட்களில் பவளத்தை நகர்த்தாதீர்கள். லிட்டருக்குக் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம், உப்பு ஆயிரத்துக்கு 35 என்று பவளத்துக்காக நீங்கள் காப்பாற்றும் அதே தண்ணீர் நண்டுக்கும் போதும். ஓடு மாற்றுவதற்காக அயோடின் வாங்கி ஊற்றத் தேவையில்லை. உண்மையிலேயே செத்திருந்தால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.

வயிற்றுக்கு அடியில் முட்டை தெரிகிறது. குஞ்சு வளருமா?

முட்டை பொரிந்து வருபவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னவை, தண்ணீரில் மிதந்து திரிபவை. வீட்டுத் தொட்டியில் அவை வடிகட்டிக்கும் மீனுக்கும் பவளத்துக்கும் இரையாகிவிடும். தொட்டியில் ஜோடி செழிப்பாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

பாறையில் ரோம நண்டு ஒன்று இருப்பது உறுதி. எப்படிப் பிடிப்பது?

விளக்கு அணைந்து கொஞ்ச நேரம் கழித்து, சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச்சோடு பாருங்கள். சிவப்பு வெளிச்சத்தை இவை அவ்வளவாகப் பொருட்படுத்தாது, எந்தப் பொந்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். தூக்கக்கூடிய பாறை என்றால் வெளியே எடுத்து, பொந்துக்குள் ஊசிக்குழாயால் சோடா தண்ணீரைப் பீச்சினால் மூச்சு முட்டி நண்டு ஓடி வரும். பாறையில் பவளம் ஒட்டியிருந்தால் அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பாறையைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு வையுங்கள்.

தூக்க முடியாத பாறை என்றால், உயரமான கண்ணாடி டம்ளரைப் பாறையின் மேல் சாய்த்து வைத்து, டம்ளருக்குள் அடியில் இறால் துண்டு போடுங்கள். வாசனை பிடித்து ஏறி உள்ளே விழும் நண்டால் வழுக்கும் கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. முதல் ராத்திரியே மாட்டாவிட்டால் தொடர்ந்து வையுங்கள், இதற்குப் பொறுமைதான் வேண்டும்.

பச்சை நண்டு, பீங்கான் நண்டு எல்லாம் பவளத்துக்கு நல்லதா?

இரண்டும் பவளக் காவல் நண்டுகள் அல்ல. மித்ராகுலஸ் என்ற பச்சை நண்டு கரீபியக் கடல் பக்கத்தைச் சேர்ந்தது, குமிழ்ப் பாசியைத் தின்பதற்காக விடுவார்கள். பாசி தீர்ந்து பசி எடுத்தால் பவளத்தைக் கிள்ள ஆரம்பிக்கும், கண் வைத்திருங்கள். பீங்கான் நண்டு கடல்சாமந்தியில் உட்கார்ந்து, விசிறி போன்ற உறுப்பால் தண்ணீரில் மிதப்பதை வடிகட்டித் தின்பது. யாருக்கும் கெடுதல் செய்யாது. எண்ணிப் பார்த்தால் கொடுக்கைத் தவிர மூன்று ஜோடிக் கால்தான் தெரியும். உண்மையான நண்டுக்கு நான்கு ஜோடி.

பவளம் செத்துவிட்டது, நண்டு மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

தாமதிக்காமல் அதே இனத்தின் உயிருள்ள பவளம் ஒன்றில் சேருங்கள். ட்ரபீசியாவை போசிலோபோராவிலோ ஸ்டைலோஃபோராவிலோ, டெட்ராலியாவை அக்ரோபோராவில் மட்டும். விளக்கு அணைந்த பிறகு, நீரோட்ட விசிறியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, ஒரு குழாய் வழியாகக் கிளைகளுக்கு நடுவிலேயே இறக்கிவிடுங்கள். தரையில் விட்டால் போய்ச் சேர்வதற்குள் மீன் பிடித்துவிடும். ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கும் பவளத்தில் விடாதீர்கள். உங்களிடம் பொருத்தமான பவளம் இல்லையென்றால், இருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். வெறும் பாறையில் தீனி போட்டு எத்தனை நாள் காப்பாற்றினாலும் அது அந்த நண்டுக்கான வாழ்க்கை இல்லை.